வறுமையை எந்தக் கோட்டால் அளப்பது? வளமான நாடுகளின் அளவுகோல்கள் – ஓர் ஒப்பீடு

2021-இல் அமெரிக்கக் குழந்தைகளில் எத்தனை பேர் ஏழைகள்? இதற்கு அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமே இரண்டு விடை வைத்திருக்கிறது. அதிகாரபூர்வ அளவுகோலின்படி 15.3 சதவீதம். துணை வறுமை அளவுகோலின்படி 5.2 சதவீதம். அடுத்த ஆண்டு முதல் எண் 15.0-க்கு லேசாக இறங்கியது. இரண்டாவது எண் 12.4-க்கு, அதாவது இரண்டு மடங்குக்கும் மேலாக, ஏறியது. ஒரே நாடு, அதே குழந்தைகள். ஓர் அறிக்கையைப் படித்தவர் நிலைமை பரவாயில்லை என்று நினைப்பார், இன்னொன்றைப் படித்தவர் திடுக்கிடுவார். இரண்டு எண்ணிலும் கணக்குப் பிழை கிடையாது.

வறுமை பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர், உதவித் திட்டத்துக்குத் தகுதி வரம்பு போடவேண்டிய தொண்டு நிறுவனத்தார், புள்ளிவிவரத்தை வைத்துச் செய்தி எழுதுபவர் என்று பலரும் வந்து நிற்கிற இடம் இது: இத்தனை அளவுகோல்களில் எதை எடுத்துக்கொள்வது? ஏழை நாடுகளில் இந்தக் கேள்விக்கு ஓரளவு எளிய பதில் உண்டு. உலக வங்கியின் சர்வதேசக் கோடு 2025 ஜூனில் நாளுக்கு 3 டாலராக உயர்த்தப்பட்டது, அதை வைத்துத் தொடங்கலாம். வளமான நாட்டில் அந்தக் கோட்டைப் போட்டால் கிட்டத்தட்ட யாருமே அகப்பட மாட்டார்கள். ஆனால் வாடகை கொடுத்தபின் மாதக் கடைசியில் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் குடும்பங்கள் அங்கேயும் இருக்கின்றன. ஆகவே வேறு கோடு வேண்டும். எந்தக் கோடு என்பதில்தான் அறுபது வருடச் சண்டை.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது?

பெரும்பாலும் விவாதம் "கோடு எவ்வளவு உயரம்?" என்பதிலேயே நின்றுவிடுகிறது. என் பார்வையில் அதைவிட முக்கியம், அந்தக் கோடு எதோடு சேர்ந்து நகர்கிறது என்பது. விலைவாசியோடா, நடுத்தட்டு மக்களின் வருமானத்தோடா, ஒரு பொருள்கூடையின் விலையோடா, மக்கள் எதை அத்தியாவசியம் என்று நினைக்கிறார்களோ அதோடா? இன்று எங்கே வரைகிறோம் என்பது ஒரு தடவை எடுக்கிற முடிவு. எதோடு கட்டிவைக்கிறோம் என்பதுதான் அடுத்த முப்பது வருடத்துக்கும் விடையைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது, கோட்டுக்கு எதிர்ப்பக்கம் எதை வைத்து ஒப்பிடுகிறோம். வரிக்கு முந்தைய ரொக்க வருமானமா, வரி போக உதவித்தொகை சேர்த்துக் கையில் நிற்பதா, வாடகை கட்டியபின் மிஞ்சுவதா? சேமிப்பைச் சேர்ப்பதா, வேண்டாமா? மேலே சொன்ன அமெரிக்கக் குழப்பம் முழுக்க முழுக்க இங்கேதான் பிறந்தது.

இவை இரண்டுமே என் கணக்கில் பெரியவை. இவற்றுக்குப் பிறகு, வாடகை ஊருக்கு ஊர் மாறுவதைக் கோடு கணக்கில் எடுக்கிறதா, சாதாரண வாசகருக்கு ஒரே வாக்கியத்தில் விளக்க முடியுமா, ஆட்சியில் இருப்பவர் சத்தமில்லாமல் மாற்றிவிட முடியுமா என்ற மூன்றையும் பார்க்கலாம்.

## விலைவாசியோடு மட்டும் நகரும் கோடு

இதற்கு முதல் உதாரணம் அமெரிக்க அதிகாரபூர்வ வறுமைக் கோடு. 1960-களின் தொடக்கத்தில் அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வேலை பார்த்த மோலி ஓர்ஷான்ஸ்கி இதை உருவாக்கினார். வேளாண்மைத் துறை வகுத்திருந்த உணவுத் திட்டங்களில் மிக மலிவானதை அவர் எடுத்துக்கொண்டார். கையில் பணம் குறைந்த நாட்களில் தற்காலிகமாகச் சமாளிக்க என்று போடப்பட்ட திட்டம் அது. 1955-இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி மூன்று பேரோ அதற்கு மேலோ உள்ள குடும்பங்கள் வரி போன வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. எனவே உணவுச் செலவை மூன்றால் பெருக்கினார், கோடு கிடைத்துவிட்டது. 1969-இல் அது அரசு முழுவதற்கும் அதிகாரபூர்வமானது. அதன்பின் விலைவாசிக்கு ஏற்ப மட்டும் உயர்த்தி வருகிறார்கள்.

நல்ல அம்சங்கள் இரண்டு. எல்லாருக்கும் புரியும். 1959 முதல் தொடர்ச்சியான புள்ளிவிவரம் இருப்பதால் நீண்டகால ஒப்பீட்டுக்கு இதற்கு நிகர் இல்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கே அதிகம். உணவு இன்று குடும்பச் செலவில் மூன்றில் ஒரு பங்கு இல்லை, வெகுவாகக் குறைந்துவிட்டது. வாடகை, மருத்துவம், குழந்தைப் பராமரிப்பு எல்லாம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் "மூன்றால் பெருக்கு" என்பது 1963-லேயே உறைந்து நிற்கிறது. அன்று நான்கு பேர் குடும்பத்துக்கான கோடு, நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி. இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. யாரும் கோட்டைக் குறைக்கவில்லை. நாடு மேலே போய்விட்டது, கோடு அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டாவது குறை இன்னும் மோசம். இது வரிக்கு முந்தைய ரொக்க வருமானத்தை மட்டுமே பார்க்கிறது. உணவு உதவி அட்டை, வாடகை மானியம், வரிச்சலுகையாகத் திரும்பி வரும் பணம் எதுவும் கணக்கில் வராது. 2021-இல் அமெரிக்க அரசு குழந்தை வரிச்சலுகையைத் தற்காலிகமாக விரிவாக்கியது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 3,600 டாலர் வரை, பெரிய குழந்தைக்கு 3,000 டாலர் வரை கிடைத்தது. வருமானமே இல்லாத குடும்பங்களுக்கும் முழுத்தொகை போய்ச்சேர்ந்தது. அதிகாரபூர்வ எண் இதைப் பார்க்கவே இல்லை. அடுத்த ஆண்டு அந்தச் சலுகை காலாவதியானபோது ஏற்பட்ட சரிவையும் பார்க்கவில்லை. வறுமையைக் குறைக்க எடுத்த நடவடிக்கை வேலை செய்ததா என்பதையே சொல்ல முடியாத அளவுகோலை வைத்துக்கொண்டு கொள்கை பேசுவது வீண் என்பது என் கருத்து.

இடவேறுபாடும் கிடையாது. உதவித் திட்டங்களுக்காக வெளியிடப்படும் வழிகாட்டி எண் 2025-இல் நான்கு பேர் குடும்பத்துக்கு 32,150 டாலர். அலாஸ்கா, ஹவாய் தவிர எல்லா இடத்துக்கும் இதே தொகைதான். நியூயார்க்கில் வாடகை கட்டுபவருக்கும் மிசிசிப்பி கிராமத்தில் சொந்த வீட்டில் இருப்பவருக்கும் ஒரே கோடு. உணவு உதவிக்குக் கோட்டின் 130 சதவீதம், விரிவாக்கிய மருத்துவ உதவிக்கு 138 சதவீதம் என்று சட்டங்களே வரம்பு வைத்திருப்பதைப் பார்த்தால், இந்தக் கோட்டைச் சட்டம் எழுதியவர்களே முழுசாக நம்பவில்லை என்று தெரிகிறது.

இதைச் சரிசெய்யத்தான் அங்குள்ள தேசிய அறிவியல் அகாதமியின் குழு 1995-இல் பரிந்துரைகள் தந்தது. 2011 முதல் துணை வறுமை அளவுகோல் வெளிவருகிறது. உணவு, உடை, வீடு, மின்சாரம் போன்றவற்றுக்கு மக்கள் உண்மையில் செலவிடுவதிலிருந்து கோடு போடுகிறார்கள், ஊர் வாடகைக்கு ஏற்ப மாற்றுகிறார்கள். வருமானத்தில் உதவிகளைச் சேர்த்து, வரியையும் கைக்காசில் போகும் மருத்துவச் செலவையும் கழிக்கிறார்கள். இதனால் எண் எல்லாருக்கும் குறைகிறது என்று நினைக்க வேண்டாம். 65 வயதுக்கு மேற்பட்டோரில் 2023-இல் அதிகாரபூர்வக் கணக்கில் 9.7 சதவீதம் ஏழைகள், துணை அளவுகோலில் 14.2 சதவீதம். மருந்துச் செலவைக் கழித்ததும் முதியோர் வறுமை தலைகாட்டிவிடுகிறது.

எப்போது இது நல்ல தேர்வு: அரை நூற்றாண்டுப் போக்கைப் பார்க்கும்போது, அல்லது ஒரு பக்க விண்ணப்பத்தில் சட்டென்று தகுதி பார்க்கவேண்டிய இடத்தில். வேறெதற்கும் இதைத் தனியாக நம்ப மாட்டேன்.

## நடுவருமானத்தோடு நகரும் கோடு

எல்லா வீடுகளையும் வருமான வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவருக்கு என்ன கிடைக்கிறதோ, அதுதான் இடைநிலை வருமானம். அதில் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவரை வறுமை அபாயத்தில் இருப்பவர் என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் ஒப்பீடுகளில் 50 சதவீதம். இதை ஒப்பீட்டு வறுமை என்கிறார்கள்.

இதன்மேல் வைக்கப்படும் இரண்டு புகார்கள் தவறானவை, அவற்றை முதலில் தீர்த்துவிடலாம். "பணக்காரர் இன்னும் பணக்காரர் ஆனால் ஏழைகள் எண்ணிக்கை ஏறும்" என்பார்கள். ஐந்து வீடுகள், வருமானம் 10, 17, 30, 50, 90 என்று வையுங்கள். நடு 30, கோடு 18, இரண்டு வீடுகள் ஏழை. 90 என்பது 900 ஆனாலும் நடு 30-தான், கோடும் 18-தான். சராசரியை எடுத்திருந்தால்தான் அந்தப் புகார் சரியாகும். அடுத்தது, "இந்தக் கணக்கில் வறுமை ஒருநாளும் பூஜ்யம் ஆகாது" என்பது. முதல் இரண்டு வீடுகள் 20, 22 என்று ஆகிவிட்டால் ஏழை யாருமே இல்லை. இன்னும் சமமின்மை இருக்கும், வறுமை இருக்காது.

சரி, உண்மையான குறை எது? நடுவில் நிற்பவரின் வருமானம் சரிந்தால் கோடும் கூடவே சரியும். மேலே சொன்ன உதாரணத்தில் நடு 30-இலிருந்து 26 ஆனால் கோடு 15.6. பதினேழில் இருந்த வீடு ஒரு காசு கூடக் கிடைக்காமலேயே வறுமையிலிருந்து "மீண்டுவிடும்".

இது பாடப்புத்தகக் கற்பனை இல்லை. பிரிட்டனில் நிதி நெருக்கடிக்குப் பின் 2010-11-இல், விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், வாராந்தர இடைநிலை வருமானம் 419 பவுண்டாகக் குறைந்தது. அதே கணக்கில் கோடும் இறங்கியது. அந்த ஆண்டில் ஒப்பீட்டு வறுமையில் இருந்த குழந்தைகள் எண்ணிக்கை சுமார் 3 லட்சம் குறைந்ததாகப் பதிவானது. நாடே சிரமப்பட்ட ஆண்டில் இந்த "முன்னேற்றம்". ஜப்பானில் இது இன்னும் மெதுவாக, இன்னும் ஆழமாக நடந்தது. 1997-இல் தனிநபருக்கு ஆண்டுக்கு 14 லட்சத்து 90 ஆயிரம் யென்னாக இருந்த கோடு, 2021-இல் 12 லட்சத்து 70 ஆயிரம் யென். இடைப்பட்ட காலத்தில் வறுமை விகிதம் 15 சதவீதத்தை ஒட்டியே நின்றது. எண்ணை மட்டும் பார்த்தவருக்கு எதுவும் மாறவில்லை. கோட்டையே இறக்கிக்கொண்டு வந்தபின்னும் அத்தனை பேர் அதற்குக் கீழே இருந்தார்கள் என்பதுதான் செய்தி.

எதிர்த்திசையிலும் இதே கோளாறு. அயர்லாந்தில் பொருளாதாரம் பறந்த 1990-களில் எல்லாருடைய வருமானமும் ஏறியது. ஆனால் வேலைக்குப் போகும் குடும்பங்களின் வருமானம் ஓய்வூதியத்தையும் உதவித்தொகையையும் விட வேகமாக ஏறியது. 1994-இல் சுமார் 16 சதவீதமாக இருந்த ஒப்பீட்டு வறுமை 2001-இல் 22 சதவீதத்தை நெருங்கியது. அதே ஆண்டுகளில் அடிப்படைப் பொருள் இல்லாமல் தவிப்பவர் எண்ணிக்கையோ வேகமாகக் குறைந்தது.

இதற்குக் கைவசம் ஒரு மருந்து உண்டு. ஏதாவது ஓர் ஆண்டின் 60 சதவீதக் கோட்டை அப்படியே நிறுத்தி, விலைவாசிக்கு மட்டும் சரிசெய்துகொண்டு பார்ப்பது. குறுகிய காலத்துக்கு, குறிப்பாக மந்தநிலையிலும் பணவீக்கத்திலும், இந்த நிறுத்திவைத்த கோடு ஒப்பீட்டுக் கோட்டைவிட நேர்மையானது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் போனால் அதுவும் அமெரிக்கக் கோட்டின் நோயைப் பிடித்துக்கொள்ளும்.

வாடகைப் பிரச்சினையும் உண்டு. பிரிட்டன் எண்ணை வீட்டுச் செலவுக்கு முன், பின் என்று இரண்டாக வெளியிடுகிறது. 2022-23-இல் ஒப்பீட்டு வறுமையில் இருந்த குழந்தைகள் வீட்டுச் செலவுக்கு முன் 22 சதவீதம், பின் 30 சதவீதம். வாடகை உதவி ஏறும்போது முதல் எண்ணில் குடும்பம் பணக்காரர் ஆனதுபோல் தெரியும். அந்தப் பணம் அப்படியே வீட்டுக்காரர் கைக்குப் போயிருக்கும். வாடகை கடுமையாக இருக்கும் நகரங்களைப் பற்றிப் பேசினால் இரண்டாவது எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

எப்போது இது நல்ல தேர்வு: நாடுகளை ஒப்பிடும்போது, நீண்டகாலத்தில் கீழ்த்தட்டு பின்தங்குகிறதா என்று பார்க்கும்போது. ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையிலான மாற்றத்தை இதை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள்.

## கூடையோடு நகரும் கோடு

ஒரு குடும்பம் எளிமையாக ஆனால் கௌரவமாக வாழ என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வோர் ஊரிலும் அதற்கு எவ்வளவு ஆகிறது என்று விலை பார்ப்பது. கனடா 2018-இல் இதை அதிகாரபூர்வக் கோடாக ஏற்றது. உணவு, உடை, வீடு, போக்குவரத்து, இதர தேவைகள் என்று ஐந்து பகுதி. இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள் கொண்ட குடும்பம் மாதிரி. ஐம்பதுக்கும் மேற்பட்ட பகுதிகளுக்குத் தனித்தனியாக விலை. ஒப்பிடப்படுவது வரி போகக் கையில் நிற்கும் வருமானம்.

என்னிடம் ஒன்றைத்தான் தேர்ந்தெடு என்றால் இதைத்தான் எடுப்பேன். காரணம், கோடு ஏறினால் ஏன் ஏறியது என்று பொருள் பொருளாகக் காட்ட முடியும். "உங்கள் ஊரில் வாடகை ஏறிவிட்டது, அதனால் கோடு ஏறியது" என்று சொன்னால் யாருக்கும் புரியும். உதவி கிடைத்தாலும் பறிபோனாலும் எண் உடனே அசைகிறது. கனடாவின் வறுமை விகிதம் 2015-இல் 14.5 சதவீதம், பெருந்தொற்றுக்கால அவசர உதவிகள் வழங்கப்பட்ட 2020-இல் 6.4, அவை முடிந்து விலைவாசியும் ஏறிய 2022-இல் 9.9. மூன்று எண்களும் ஒரு கதையைச் சொல்கின்றன, அந்தக் கதை உண்மையில் நடந்ததுதான்.

ஆனால் கூடையில் எதைப் போடுவது என்று யார் முடிவு செய்வது? இந்தத் தகராறு இன்றையது அல்ல. 1899-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் சீபோம் ரவுன்ட்ரீ எடுத்த கணக்கில் உடல் ஆற்றலுக்கு மட்டும் தேவையான குறைந்தபட்சத்தை வைத்துப் பார்த்தார். அதைக்கூட வாங்க முடியாத வருமானத்தில் நகர மக்கள் 9.91 சதவீதம். பார்வைக்கு வறுமையில் தெரிந்தவர்களையும் சேர்த்தால் 27.84 சதவீதம். அவரே 1936-இல் அதே நகரில் மறுபடி கணக்கெடுத்தபோது செய்தித்தாள், வானொலி போன்றவற்றுக்கும் இடம் கொடுத்தார். மனித உடலின் தேவை அந்த முப்பத்தேழு வருடத்தில் மாறிவிடவில்லை. மனிதராக வாழ என்ன வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மாறியது. பிறரோடு ஒப்பிடாமல் தேவையை மட்டும் பார்ப்பதாகச் சொல்லும் "முழுமையான" வறுமைக் கோட்டின் உள்ளேயும் ஒப்பீடு ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அதனால் கூடையை அவ்வப்போது புதுப்பித்தே ஆகவேண்டும், புதுப்பிக்கும்போது எண் குதிக்கும். கனடாவில் ஒரே 2018-ஆம் ஆண்டுக்குப் பழைய கூடையில் வறுமை விகிதம் 9-க்குச் சற்றுக் கீழே, புதிய கூடையில் சுமார் 11. ஏழைகள் ஒருவரும் கூடவில்லை, கூடைதான் மாறியது. புதுப்பிக்கும் தேதியைச் சட்டத்திலோ விதியிலோ எழுதி வைக்காவிட்டால், எண் குதிக்கும் என்ற பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும் ஆசை எந்த அரசுக்கும் வரும். விலை சேகரிப்பும் செலவு பிடித்த வேலை, சிறு அமைப்பு சொந்தமாகச் செய்ய முடியாது.

கூடையை நிபுணர்களுக்குப் பதில் பொதுமக்கள் உட்கார்ந்து தீர்மானிக்கும் முறையும் உண்டு. பிரிட்டனில் லஃப்பரோ பல்கலைக்கழகம் 2008 முதல் குறைந்தபட்ச வருமானத் தரம் என்ற பெயரில் இதைச் செய்கிறது. சிங்கப்பூரில் ஆய்வாளர்கள் இதே வழியைப் பின்பற்றி, தனியாக வாழும் 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதம் 1,379 சிங்கப்பூர் டாலர் தேவை என்று 2019-இல் கண்டார்கள். ஆனால் இந்தத் தொகை வறுமைக் கோடு அல்ல, அதற்கு மேலே நிற்கும் "போதும்" என்ற கோடு. அதற்குக் கீழே இருப்பவர் எல்லாரும் ஏழை என்று எழுதினால் அது வலிந்து எழுதியது.

எப்போது இது நல்ல தேர்வு: உதவித்தொகை எவ்வளவு இருக்கவேண்டும், எந்த ஊரில் எவ்வளவு, குறைந்தபட்சக் கூலி போதுமா என்ற கேள்விகளுக்கு. நாடுகளுக்கு இடையில் ஒப்பிட உதவாது.

## வருமானத்தை விட்டுவிட்டு, எது இல்லை என்று கேட்பது

அயர்லாந்தின் பட்டியலில் பதினொரு கேள்விகள். பலமான செருப்பு இரண்டு ஜோடி உண்டா? மழைக்குத் தாங்கும் கதகதப்பான மேலங்கி? ஒருநாள் விட்டு ஒருநாள் இறைச்சியோ மீனோ அதற்கு ஈடான சைவ உணவோ? வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்க முடிகிறதா? நண்பர்களை மாதம் ஒருமுறை வீட்டுக்கு அழைக்க முடிகிறதா? வேண்டாம் என்று விட்டவை கணக்கில் வராது, பணம் இல்லாததால் இல்லாதவை மட்டுமே. 60 சதவீதக் கோட்டுக்குக் கீழே இருந்து, இந்தப் பதினொன்றில் குறைந்தது இரண்டு இல்லாதவர்களை நிலையான வறுமையில் இருப்பவர்கள் என்று அந்நாடு கணக்கிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதின்மூன்று கேள்விகள், ஏழு இல்லாவிட்டால் கடும் இல்லாமை.

இதன் பலம், வருமானம் மறைக்கும் விஷயங்களை இது காட்டுவது. ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவருக்குக் கடன், மாற்றுத்திறன் காரணமான கூடுதல் செலவு, நோயாளித் தாய். இன்னொருவருக்குச் சொந்த வீடு, சேமிப்பு. வருமானக் கணக்கில் இருவரும் ஒன்று, இல்லாமைப் பட்டியலில் இருவரும் இரண்டு துருவம்.

பலவீனமும் நிஜம்தான். முதியவர்கள் பல வருடமாக இல்லாமலேயே பழகி, "எனக்கு வேண்டாம்" என்று பதில் சொல்லிவிடுகிறார்கள். கணக்கில் அது விருப்பமாகப் பதிவாகிறது. அதனால் இந்த முறை முதியோர் வறுமையைக் குறைத்துக் காட்டும் பக்கம் சாய்கிறது. பட்டியலும் பழசாகும். ஒன்றியத்தின் முந்தைய பட்டியலில் துணி துவைக்கும் இயந்திரம், வண்ணத் தொலைக்காட்சி, தொலைபேசி எல்லாம் இருந்தன. கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் வந்துவிட்டதால் அவற்றால் யாரையும் பிரித்தறிய முடியவில்லை. புதிய பட்டியலில் இணைய இணைப்பு வந்திருக்கிறது.

எப்போது இது நல்ல தேர்வு: வருமானக் கணக்கைச் சரிபார்க்க. தகுதி வரம்பாக இதை வைத்தால் விண்ணப்பிப்பவர் எல்லாரும் செருப்பு ஒரு ஜோடிதான் என்பார்கள், அந்த வேலைக்கு வேண்டாம்.

## கோடே வேண்டாம் என்பவர்கள்

சிங்கப்பூருக்கு அதிகாரபூர்வ வறுமைக் கோடு கிடையாது. ஒரு கோடு போட்டால் அதற்குச் சற்று மேலே நிற்பவர் உதவி இல்லாமல் விழுந்துவிடுவார் என்பது அந்த அரசு 2013-இல் சொன்ன காரணம். காரணம் சரியானது, முடிவு சரியில்லை. உதவிக்கான வரம்பைப் படிப்படியாக வைக்கலாம், எண்ணிக்கைக்கான கோட்டைத் தனியாக வைக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கியதால் வரும் சிக்கல் அது. ஹாங்காங் அதே 2013-இல் இடைநிலை வருமானத்தில் பாதி என்று கோடு போட்டது. வருமானம் இல்லாமல் சொத்து வைத்திருக்கும் முதியவரும் அதில் ஏழையாகவே விழுந்தார்கள். பின்னர் வந்த அரசு, சிறு சிறு அறைகளாகப் பிரித்த அடுக்ககங்களில் வசிப்போர், ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள், முதியோர் குடும்பங்கள் என்று குழுக்களைக் குறிவைக்கும் வழிக்கு மாறியது. குழுவைக் குறிவைத்தால் உதவி வேகமாகப் போகும். மொத்தத்தில் வறுமை கூடியதா குறைந்ததா என்று கேட்பவருக்கு அதில் பதில் கிடைக்காது.

## ஒரே பார்வையில்

| | விலைவாசிக் கோடு | நடுவருமானக் கோடு | கூடைக் கோடு | இல்லாமைப் பட்டியல் |
|---|---|---|---|---|
| எதோடு நகர்கிறது | பொது விலைவாசி | நடுவில் நிற்பவர் வருமானம் | கூடைப் பொருள்களின் விலை | சமூக எதிர்பார்ப்பு |
| மந்தநிலையில் | ஓரளவு சரியாகக் காட்டும் | வறுமை குறைந்ததுபோல் காட்டலாம் | சரியாகக் காட்டும் | தாமதமாகக் காட்டும் |
| நீண்ட வளர்ச்சியில் | கோடு பின்தங்கும் | கூடவே ஏறும் | புதுப்பித்தால் ஏறும் | புதுப்பித்தால் ஏறும் |
| ஊர் வேறுபாடு | இல்லை | வீட்டுச் செலவு கழித்தால் ஓரளவு | உண்டு | மறைமுகமாக உண்டு |
| பெரிய மறைசெலவு | உறைந்துபோன அனுமானம் | குறுகிய காலக் குழப்பம் | புதுப்பிக்கும்போது எண் குதிப்பது | பழகிப்போனவர் விடுபடுவது |

## எதை எடுத்தாலும் கூடவே வரும் செலவுகள்

எந்த வருமானக் கோடும் ஒருவருக்குப் போட்டு, பிறகு குடும்ப அளவுக்கு விரிக்கப்படுகிறது. எப்படி விரிப்பது என்பது ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஐரோப்பிய முறையில் முதல் பெரியவருக்கு 1, அடுத்தவருக்கு 0.5, 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 0.3. இன்னொரு முறை, ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலம். இரண்டு பெரியவர், நான்கு சிறு குழந்தைகள் என்றால் முதல் முறையில் 2.7, இரண்டாவதில் சுமார் 2.45. தனிநபர் கோடு 15,000 என்று வைத்தால் அதே குடும்பத்தின் கோடு ஒன்றில் 40,500, மற்றதில் 36,700-க்குச் சற்று மேலே. பெரிய குடும்பங்கள் ஏழையா இல்லையா என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது.

அப்புறம், கணக்கெடுப்பு வீடு வீடாகப் போகிறது. வீடே இல்லாதவர், சிறையில் இருப்பவர், முதியோர் இல்லத்தில் இருப்பவர் வழக்கமாக அதில் இல்லை. போன வீட்டுக்குள்ளும் பணம் சமமாகப் பங்கிடப்படுகிறது என்று நம்பிக்கொள்கிறது. கணவர் கையை விட்டுப் பணம் வராத வீட்டில் மனைவி புள்ளிவிவரப்படி ஏழை அல்ல.

கோட்டுக்குக் கீழே எத்தனை தலை என்று மட்டும் எண்ணினால் இன்னொரு விபரீதம். கோட்டுக்கு ஓர் அடி கீழே இருப்பவரைத் தூக்கிவிடுவது மலிவு, எண்ணும் உடனே குறையும். அதலபாதாளத்தில் இருப்பவருக்கு அதே பணத்தைக் கொடுத்தால் எண் அசையாது. எனவே எத்தனை பேர் என்பதோடு எவ்வளவு ஆழம் என்பதையும் கேட்க வேண்டும். எவ்வளவு காலம் என்பதையும்தான். ஐரோப்பிய ஒன்றியம் இப்போதும், முந்தைய மூன்று ஆண்டுகளில் குறைந்தது இரண்டிலும் கோட்டுக்குக் கீழே இருப்பவரைத் தனியாக எண்ணுகிறது. படிக்கிற காலத்தில் வருமானம் இல்லாத மாணவரையும் பத்து வருடமாக வேலை கிடைக்காதவரையும் இது பிரித்துவிடும்.

## உங்கள் வேலைக்கு எது?

உதவித் திட்டத்துக்குத் தகுதி வரம்பு போடுபவர் என்றால் கூடைக் கோடு, உங்கள் ஊர் விலையில். உங்கள் நாட்டில் அப்படி ஒன்று இல்லையென்றால் வீட்டுச் செலவு கழித்த 60 சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வரம்பைச் சுவர்போல் வைக்காமல் உதவி படிப்படியாகக் குறையும்படி அமையுங்கள். சேமிப்பைப் பற்றி ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள். பிரிட்டனில் 2018-இல் அறிக்கை தந்த சமூக அளவீட்டு ஆணையம், எளிதில் பணமாக்கக்கூடிய சேமிப்பையும் மாற்றுத்திறன், குழந்தைப் பராமரிப்பு போன்ற தவிர்க்க முடியாத செலவுகளையும் கணக்கில் எடுத்தது. அதே எளிய தர்க்கம் சிறு அமைப்புக்கும் பொருந்தும்.

ஒரு கொள்கை வேலை செய்ததா என்று பார்ப்பவருக்கு நிறுத்திவைத்த கோடு, வரியும் உதவியும் சேர்த்த வருமானத்தில். பக்கத்தில் இல்லாமைப் பட்டியல். இரண்டும் ஒரே திசையில் நகர்ந்தால் தைரியமாக எழுதலாம். எதிரெதிரே நகர்ந்தால் அதுவே உங்கள் ஆய்வின் கேள்வி.

நாடுகளை ஒப்பிடும் ஆய்வேடு என்றால் இடைநிலை வருமானக் கோட்டைத் தவிர்க்க முடியாது. கோட்டின் மதிப்பையே அந்தந்த நாட்டு விலைவாசிக்குச் சரிசெய்து ஒரு வரிசையில் போட்டுக் காட்டுங்கள். ஒரு பணக்கார நாட்டின் வறுமைக் கோடு இன்னொரு நாட்டின் நடுத்தர வருமானத்துக்குச் சமமாக இருக்கலாம், வாசகருக்கு அது தெரியவேண்டும்.

அரசுக்கு இலக்கு வைக்கச் சொல்லிப் போராடுபவர் என்றால், எந்த ஓர் எண்ணிலும் சிக்கிக்கொள்ள வேண்டாம். பிரிட்டன் 2010-இல் குழந்தை வறுமைச் சட்டத்தில் நான்கு அளவுகோல்களில் இலக்கு வைத்தது. 2016-இல் வேறொரு சட்டம் அந்த இலக்குகளை நீக்கி, வேலையில்லாக் குடும்பங்கள், பள்ளித் தேர்ச்சி என்று வேறு எண்களுக்கு மாறியது. வருமான எண்களைத் தொடர்ந்து வெளியிடவாவது வேண்டும் என்பதையே பிரபுக்கள் சபை வற்புறுத்தித்தான் பெற முடிந்தது. நியூசிலாந்தின் 2018 குழந்தை வறுமைக் குறைப்புச் சட்டம் இதற்கு நேர்மாறு. பத்து அளவுகோல்களைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டது. ஒப்பீட்டுக் கோடு, வீட்டுச் செலவு கழித்து நிறுத்திவைத்த கோடு, பொருள் இல்லாமை, நீடித்த வறுமை என்ற நான்கு முதன்மையானவை. எந்த ஆட்சி வந்தாலும் நான்குக்கும் இலக்கு சொல்லியாக வேண்டும், வசதியான எண்ணை மட்டும் எடுத்துக்காட்ட வழி குறைவு.

செய்தி எழுதுபவருக்கு இத்தனை தேர்வு கிடையாது, கொடுத்த எண்ணைத்தான் எழுதியாக வேண்டும். அந்த எண்ணின் பக்கத்தில் மூன்று விவரம் போட்டால் போதும்: கோடு எத்தனை ரூபாய் அல்லது டாலர், எத்தனை பேர் குடும்பத்துக்கு, வீட்டுச் செலவுக்கு முன்னா பின்னா. இந்த மூன்றும் வெளியீட்டில் இல்லையென்றால் அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பதில் வரும்வரை சதவீதத்தைத் தலைப்பில் போடாமல் வையுங்கள்.